ஈரத்துணியால் துடைக்கலாம் என்றது அட்டை: கேன்வாஸ் பிரிண்ட்டோடு நான் பட்ட பாடு

போட்டோவைத் துணியில் அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற கேன்வாஸ் பிரிண்ட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து லேசாகத் துடையுங்கள். எனக்குப் படம் போட்டுக் கொடுத்த கடை கூடவே வைத்து அனுப்பிய பராமரிப்பு அட்டையிலும் அதே வரிதான். அதை நம்பித் துடைத்ததில் ஒரு படம் போயிற்று. அதை மீட்க முடியுமா என்று அலைந்ததில் விடுமுறை நாட்களெல்லாம் கரைந்தன, கடைசியில் மறுபடி பிரிண்ட் போட முதல் தடவை கொடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவானது. இதையெல்லாம் முன்னாடியே ஒருத்தர் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் அப்பாவும் அம்மாவும் கடலைப் பின்னால் விட்டு நிற்பது. ஆல்பத்தில் இருந்த கையகலப் போட்டோவை ஸ்கேன் செய்து பெரிதாக்கியது. ஹாலில் மாட்டி வருடங்கள் ஆகியிருந்தன, மேல் விளிம்பில் தூசி படை படையாகச் சேர்ந்திருந்தது, சமையலறைப் புகையும் கொஞ்சம் ஏறி வானத்தின் நிறம் மங்கியிருந்தது. அட்டையை எடுத்துப் பார்த்துக்கொண்டு அதில் சொன்னபடியே மென்மையான துணி, வெறும் தண்ணீர், நன்றாகப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடைத்தேன். வானம் வரைக்கும் துணியில் பழுப்பாகத்தான் வந்தது, சரி அழுக்கு வருகிறது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கடலுக்கு வந்தபோது துணியைத் திருப்பிப் பார்த்தால் நீலம். படத்தில் அந்த இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கேன்வாஸ் என்பது நெசவுதானே, மேடு பள்ளம் இருக்கும், அந்த மேட்டு நூல்களின் தலையிலிருந்த நிறம் மட்டும் உரிந்து வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "கடல் நுரை மாதிரிதான் இருக்கு, விடு" என்றார். எனக்குத்தான் ஆறவில்லை, அன்று இரவு தூக்கமும் இல்லை. அப்பா இப்போது இல்லை என்பதால் அது வெறும் சுவர் அலங்காரம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் முடியவில்லை.

அடுத்த நாள் கடைக்குப் போன் செய்தேன். "மேடம், அழுத்தித் துடைச்சிருப்பீங்க" என்றுதான் கடைக்காரர் ஆரம்பித்தார். அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அது கோட்டிங் போட்ட பிரிண்ட்டுக்கு மேடம். நீங்க எடுத்தது சாதா. கோட்டிங் வேணும்னு நீங்க கேட்கலையே" என்றார். கோட்டிங் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது, தெரியாததை எப்படிக் கேட்பது? ஒரே அட்டையை அச்சடித்து எல்லாப் பார்சலிலும் போட்டு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். கோபம் வந்தது, ஆனால் அந்த ஒரு பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது.

ஒரு கேன்வாஸ் பிரிண்ட்டில் என்னென்ன அடுக்குகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அடியில் துணி, பருத்தியாக இருக்கலாம், பாலியஸ்டராக இருக்கலாம், இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். இன்க்ஜெட்டில் தண்ணீர் சார்ந்த மையில் அடிப்பது என்றால் துணிமேல் மையைப் பிடித்துக்கொள்ள வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். அதன்மேல் மை. மையில் இரண்டு வகை. தண்ணீரில் கரையும் சாயம் ஒன்று, கரையாத நுண்துகளான நிறமி இன்னொன்று. சாய மை என்றால் ஈரம் பட்டால் கரைந்து பரவும். நிறமி மை கரையாது, ஆனால் அடியில் இருக்கிற வெள்ளைப் பூச்சு ஈரத்தில் இளகும், தேய்த்தால் அதோடு சேர்ந்து நிறமும் வந்துவிடும். லேடெக்ஸ் மை, யுவி ஒளியில் இறுக வைக்கும் மை போன்றவற்றில் அடித்த பிரிண்ட்டுகள் ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலே வருவதுதான் அந்த கோட்டிங், பெரும்பாலும் அக்ரிலிக் வார்னிஷ். அது இருந்தால் நாம் துடைப்பது வார்னிஷை. இல்லாவிட்டால் நேராக மையைத் துடைக்கிறோம். என் படத்தில் அது இல்லை.

ஆகவே வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்: மை சாயமா நிறமியா, மேலே வார்னிஷ் உண்டா, உண்டென்றால் ஸ்பிரேயா ரோலரா, மடிந்திருக்கும் பக்கவாட்டு விளிம்புகளுக்கும் சேர்த்துப் போடுவார்களா. பதில் தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார். "கேன்வாஸ்னாலே வாட்டர்ப்ரூஃப்தாங்க" என்று யாராவது சொன்னால் அந்தப் படத்தில் கோட்டிங் இல்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே வீட்டில் மாட்டியிருக்கிற படத்துக்கு என்ன செய்வது? முதலில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். வார்னிஷ் இருந்தால் பெரும்பாலும் ஒரே சீரான மினுமினுப்பு தெரியும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் என்றால் இது ஏமாற்றும், அதனால் இதோடு நிறுத்தக் கூடாது. காது குடைகிற பட்ஸ் ஒன்றை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, டிஷ்யூவில் ஒற்றியெடுத்துவிட்டு, கீழ் விளிம்பில் சட்டத்தைச் சுற்றி மடிந்திருக்கிற இடத்தில், யார் கண்ணுக்கும் படாத அடர்நிறப் பகுதியில் மெதுவாக உருட்டுங்கள். தேய்க்க வேண்டாம், உருட்டினால் போதும். ஓவியங்களைப் பழுதுபார்க்கிற வல்லுநர்களும் இப்படித்தான் உருட்டுவார்கள், தேய்த்தால் எது ஈரத்தில் வந்தது எது உராய்வில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பஞ்சில் துளி நிறம் வந்தாலும் அந்தப் படத்துக்குத் தண்ணீரே ஆகாது, ஆயுசு முழுக்க உலர் சுத்தம்தான். நிறம் வரவில்லை என்றாலும் உடனே துணியை நனைத்துக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். மடிப்பு மூலைகளில் மை அடுக்கு நுணுக்கமாக விரிசல் விட்டிருக்கும், வார்னிஷ் போட்ட படத்திலும் அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். மூலைகளை விட்டுவிட்டு, கறை இருக்கிற இடத்தை மட்டும் ஈரமாக ஒற்றியெடுத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றினால் போதும்.

என் கதைக்கு வருகிறேன். கடைக்காரர் படத்தை அனுப்புங்கள், டச்சப் செய்ய முடியுமா பார்க்கிறோம் என்றார். நம்பி அனுப்பினேன், நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துப் பக்குவமாகக் கட்டித்தான் அனுப்பினேன். அவர்கள் பார்த்துவிட்டு ஒன்றும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பியபோது பபுள் ராப்பை நேராகப் படத்தின் முகத்தில் சுற்றியிருந்தார்கள். அதுவும் போதாதென்று பார்சல் வெயில் காலத்தில் ஏதோ கிடங்கில் நாள்கணக்கில் கிடந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தால் படம் முழுக்க வட்ட வட்டமாகத் தடம், அம்மாவின் முகத்தில் வரிசையாக. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. துடைத்ததில் ஒரு மூலைதான் போயிருந்தது, இதில் மொத்தப் படமும் போனது. சூட்டில் படத்தின் மேற்பரப்பு இளகும், அந்த நேரத்தில் எது அழுத்திக்கொண்டிருக்கிறதோ அதன் தடம் பதிந்துவிடும். வார்னிஷ் போட்டவற்றில் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் அக்ரிலிக் சூட்டில் பசைத்தன்மை அடைகிற பொருள். வீடு மாறும்போதும் பரணில் போடும்போதும் இதை நினைவில் வையுங்கள். முகத்தில் பிளாஸ்டிக் எதுவும் தொடக் கூடாது. கிளாசின் என்கிற வழவழப்பான பேப்பர் அல்லது மெழுகில்லாத சிலிக்கோன் பட்டர் பேப்பர் வைத்து, அதற்கு மேல் அட்டை, அதற்கும் வெளியேதான் பபுள் ராப், அதுவும் குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி. இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைக்கக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும், கிடத்தி அடுக்கக் கூடாது. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்ட வேண்டியிருந்தால் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, தடிமனான குழாயில், தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் மை அடுக்கு நெருக்கப்பட்டு மடிப்பு விழும்.

சுவரிலிருந்து கழற்றியபோது இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டிருந்தது, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். படத்தின் பின்பக்கம் கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் பூசணம். முன்னால் ஒன்றுமே தெரியாது. அந்தச் சுவர் வீட்டின் வெளிச்சுவர், மழைக்காலத்தில் லேசாக ஓதம் ஏறும். படம் சுவரோடு ஒட்டி இருந்ததால் பின்னால் காற்றே இல்லை. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீண்ட நாள் நின்றால் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும், 40 முதல் 60 வரைக்கும் இருந்தால் கவலை இல்லை. ஈரப்பதத்தை அளக்க ஹைக்ரோமீட்டர் என்று சின்னதாக ஒரு கருவி கிடைக்கிறது, படத்துக்குப் பின்னால் ஒரு வாரம் வைத்துப் பார்த்தாலே சுவரின் லட்சணம் தெரிந்துவிடும். எளிய பரிகாரம் ஒன்று இருக்கிறது. சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கார்க் அல்லது ரப்பர் துண்டு ஒட்டினால் படம் சுவரைவிட்டு விலகி நிற்கும், காற்று போய் வரும். பூசணம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் முதலில் மற்ற படங்களிடமிருந்து அதைப் பிரித்து, நிழலான காற்றோட்டமான இடத்தில் நன்றாகக் காயவிட வேண்டும். ஈரமாக இருக்கும்போது தொட்டால் இழுபட்டு நூலுக்குள் போய்விடும். காய்ந்து பொடியான பிறகு என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டியெடுக்க வேண்டும். நுண்துகளையும் பிடித்துக்கொள்கிற ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்வம் கிளீனர் இருந்தால் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம். பிளீச் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட்டும் அப்படித்தான், பூசணத்தைக் கொல்லும், கூடவே வார்னிஷையும் கரைக்கும். வெயிலில் வைத்தால் செத்துவிடும் என்பார்கள், நிறமும் சேர்ந்து வெளுக்கும்.

வாராந்திரச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டால் உண்மையில் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். அகலமான, ஆட்டுமுடியில் செய்த பெயிண்ட் பிரஷ் ஒன்றைப் படங்களுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது. மேலிருந்து கீழாக, ஒரே திசையில், தூசி பறந்தால் போதும் என்கிற அளவுக்கு. மைக்ரோஃபைபர் துணியும் நல்லதுதான், உலர்ந்ததாக இருக்க வேண்டும், அதை வைத்து அழுத்தக் கூடாது. இறகு டஸ்டர் வேண்டாம், உடைந்த இறகுத் தண்டு மையைக் கீறும், நெசவில் மாட்டிக்கொள்ளும். மேல் விளிம்பைத்தான் எல்லோரும் மறக்கிறோம், தூசி முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, மழைக்கால ஈரம் அதில் ஏறினால் அப்படியே கறையாகக் கீழே இறங்கும். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, குழந்தைகளுக்கான வெட் வைப்ஸ், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றையும் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். ஸ்பிரேயில் அமோனியாவோ ஆல்கஹாலோ இருக்கும், வைப்ஸில் இருக்கிற சோப்புச் சமாச்சாரம் உலர்ந்த பிறகு படலமாகத் தங்கித் தூசியை இன்னும் இழுக்கும்.

ரொட்டித் துண்டால் ஒற்றியெடுங்கள், உருளைக்கிழங்கை வெட்டித் தேயுங்கள் என்றெல்லாம் குறிப்புகள் சுற்றுகின்றன. துகள் நெசவுக்குள் போய்ப் பூச்சியைத்தான் கூப்பிடும். எச்சில் தொட்டுத் துடைப்பது என்று ஒன்று உண்டு, கேட்கவே ஒரு மாதிரி இருந்தாலும் அது மட்டும் புரளி இல்லை, பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவர்கள் நிஜமாகவே பயன்படுத்துவது. போர்ச்சுகலைச் சேர்ந்த மூவர் அதை ஆராய்ந்ததற்காக 2018-இல், சிரிப்பும் சிந்தனையும் சேர்ந்து வரவைக்கிற விசித்திர ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசே வாங்கினார்கள். ஆனால் அது எண்ணெய் ஓவியம் போன்றவற்றின் கதை. எண்ணெய் ஓவியத்துக்குச் சொன்னதை இன்க்ஜெட் பிரிண்ட்டில் செய்து பார்ப்பதுதான் பாதிச் சேதத்துக்குக் காரணம். எச்சிலும் ஈரம்தான், கோட்டிங் இல்லாத மைக்கு அதுவும் ஆகாது.

துடைத்த பிறகு இன்னொரு கூத்தும் நடந்தது, படம் தொய்ந்துவிட்டது. நடுவில் தொப்பை மாதிரி. பருத்திக் கேன்வாஸ் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தளரும், இறுகும், அது அதன் சுபாவம். சட்டத்தின் உள்மூலைகளில் சின்ன ஆப்புகள் செருக இடம் இருந்தால், அவற்றைச் சுத்தியலால் நாலு மூலையிலும் சமமாக மெல்லத் தட்டினால் சட்டம் கொஞ்சம் விரிந்து துணி இறுகும். முக்கால்வாசிப் பேர் படத்தோடு வருகிற ஆப்புப் பையை என்னவோ என்று தூக்கிப் போட்டுவிடுகிறோம். மூலைகள் ஒட்டிவிட்ட சட்டத்தில் இந்த வசதியே கிடையாது, ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி மறுபடி இழுத்து அடிக்க வேண்டியதுதான். பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் இறுகிவிடும் என்று ஒரு வித்தை சொல்வார்கள். பருத்திக்கு ஓரளவு பலிக்கும், பாலியஸ்டருக்குப் பெரிதாகப் பலிக்காது, கோட்டிங் இல்லாத படத்தில் ஈரம் முன்பக்கம் வந்து வட்டக் கறை விட்டுவிடும். கீழ்ச் சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே ஆணியோ மரச்சிராயோ விழுந்து புடைத்துக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டாலே சரியாகிவிடும், நிமிர்த்திப் பிடித்து மெலிதான அட்டையால் வழித்தெடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எளிதில் வெளுக்கக்கூடிய பொருட்களை அருங்காட்சியகங்களில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சத்தில்தான் வைக்கிறார்கள். நேரடி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டு நிறம் போகிறது என்று கடைக்காரரைத் திட்டுவதில் நியாயமில்லை. வெள்ளைப் பகுதி மஞ்சளாகத் தெரிந்தால் அது அழுக்காக இல்லாமலும் இருக்கலாம். கேன்வாஸைப் பளிச்சென்று காட்டுவதற்காகச் சேர்க்கிற வெளுப்பூட்டும் ரசாயனங்கள் நாளாக ஆக வீரியம் இழக்கும், எவ்வளவு துடைத்தாலும் அந்த வெண்மை திரும்பாது.

கடைசியில் புதிதாகத்தான் போட்டேன், வேறு இடத்தில். பழைய கடையில் ஃபைலை அழித்துவிட்டார்களாம். என்னிடம் இருந்தது மெசேஜில் வந்து சுருங்கிப்போன பிரதி. போட்டோ ஆல்பத்திலேயே இருந்ததால் பிழைத்தேன், மறுபடி ஸ்கேன் செய்ய முடிந்தது. கேன்வாஸுக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் இருந்தால் போதும், அதாவது 24க்கு 36 அங்குலப் படத்துக்கு 3600க்கு 5400 பிக்சல். கையகலப் போட்டோவை அந்த அளவுக்குப் பெரிதாக்க ஸ்கேனரில் அங்குலத்துக்கு 1200 பிக்சல் வைத்தேன். இந்த முறை நிறமி மை, ஸ்பிரே வார்னிஷ், விளிம்புகளுக்கும் சேர்த்து. செலவு கூடியதற்குக் காரணமே இவைதான். நாமே ஒரு ஸ்பிரே வாங்கி பழைய படத்துக்கு வார்னிஷ் அடித்துவிடலாமே என்று எனக்கும் தோன்றியது. சாய மை என்றால் தண்ணீர் சார்ந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் தடவியதும் நிறம் கலங்கும், ஸ்பிரே அடித்தாலும் முழுதாக எடுக்காத தூசி அடியில் மாட்டி நிரந்தரமாகிவிடும். சேதமான பழைய படத்தில் ஒரு மூலையில் அடித்துப் பார்த்தேன், இரண்டாவதுதான் நடந்தது.

புதுப் படம் வந்த அன்றே அதன் கீழ் விளிம்பில் பட்ஸ் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன், நிறம் வரவில்லை. மை வகை, வார்னிஷ் பெயர், போட்ட தேதி, ஃபைல் எங்கே இருக்கிறது எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, ஆப்புப் பையோடு சேர்த்து சட்டத்தின் உள்பக்க மரத்தில் ஒட்டியிருக்கிறேன். துணியில் ஒட்டாதீர்கள், பசை முன்பக்கம் தெரியும்.